டிரக் என்றால் லாரி மட்டும்தானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் கற்றுக் கொள்வது தேடுவது. அடுத்து, கண்ணில் பட்ட முதல் பொருளுக்கே பணம் கட்டிவிடுவது. இந்த இரண்டாவது வேலையில் சூடு பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் பொழுதுபோக்கு மாடல் ரயில். அமெரிக்க ரயில்களை எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காகச் சேர்த்து வருகிறேன். பழைய புல்மேன் தூங்கும் பெட்டி ஒன்றின் போகி உடைந்துவிட்டது. நம் ஊரில் போகி என்றால் முழுப் பெட்டி. உண்மையில் அது பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். அதைத்தான் அமெரிக்கர்கள் டிரக் என்கிறார்கள். பயணிகள் பெட்டியை அவர்கள் பேசஞ்சர் கார் என்பார்கள்.

இனி கேட்க வேண்டுமா? "பேசஞ்சர் கார் டிரக்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்தேன். திரை முழுக்கக் கார்களும் லாரிகளும்! எச்.ஓ., புல்மேன் என்ற சொற்களைச் சேர்த்த பிறகே சரியான பக்கங்கள் வந்தன. தேடுதலில் பாதி வெற்றி, அந்தத் துறையினர் பயன்படுத்தும் சொல்லைத் தெரிந்து கொள்வதுதான்.

மீதிப் பாதியில் கோட்டை விட்டேன். ஒரு கடையின் பக்கத்தில் "பயணிகள் பெட்டிக்கானது" என்று இருந்தது. நகம் அளவுப் படம். வாங்கினேன். வந்தது நான்கு சக்கர டிரக். என் பெட்டிக்குத் தேவை ஆறு சக்கரம். கேட்டால், "திருகு பொருந்துகிறதே" என்றார்கள். தபால் செலவும் சேர்ந்து போயிற்று.

1930களுக்கு முன் கட்டிய புல்மேன் தூங்கும் பெட்டிகள் மிகக் கனமானவை. எனவே ஒவ்வொரு முனையிலும் ஆறு சக்கர டிரக். பின்னர் வந்த எடை குறைந்த பெட்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரம். அவற்றிலும் உணவுப் பெட்டிகள் பலவற்றுக்கு ஆறு சக்கரம் உண்டு. ஆக, "பயணிகள் பெட்டி" என்ற ஒரு சொல் போதவே போதாது. முதலில் சக்கரங்களை எண்ணுங்கள். பிறகு ஸ்பிரிங்குகளும் சட்டமும் அமைந்துள்ள விதத்தைப் பாருங்கள். கடைசியாக அளவு.

அளவெடுக்க உங்கள் கம்ப்யூட்டரே போதும். நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றைப் பெயின்ட் புரோகிராமில் திறந்திடுங்கள். மவுஸை நகர்த்தினால் கீழே பிக்ஸல் எண்கள் மாறும். எடை குறைந்த பெட்டிகளில் பலவற்றின் நீளம் 85 அடி. படத்தில் அந்தப் பெட்டி 1,700 பிக்ஸல் இருந்தால் ஓர் அடிக்கு 20 பிக்ஸல். ஒரே டிரக்கின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 170 பிக்ஸல் என்றால் எட்டரை அடி. 180 என்றால் ஒன்பது அடி. எச்.ஓ.வில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். எனவே முதலாவது சுமார் 29.8 மி.மீ., இரண்டாவது 31.5 மி.மீ. சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு தவறும்.

வரைபடம் வேண்டுவோர் "கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியா" என்ற பழைய தொகுதிகளைத் தேடலாம். பல பதிப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

"இரண்டு மில்லிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நண்பர் கேட்டார். நியாயம்தான், கை தூரத்தில் அது தெரியாது. ஆனால் இரண்டு சக்கரம் குறைந்தால் குழந்தைக்கும் தெரியும். அசல் போன்றது என்று விலை வாங்குபவர், சக்கர எண்ணிக்கையையும் அச்சு இடைவெளியையும் அட்டையில் அச்சிடுவதுதான் முறை. அச்சிடாவிட்டால், பணம் கட்டும் முன் ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டர் வெறும் கடைவீதி அல்ல, அது அளவுகோலும்தான். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.