பயப்படும் உரிமை போலீசுக்கு மட்டும்தானா?

அமெரிக்காவில் உரிமம் பெற்று, வெளியே தெரியாதபடி கைத்துப்பாக்கி வைத்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். போலீஸ் மறித்தால் வண்டியை ஓரம் கட்டு. இன்ஜினை அணை. இரவாக இருந்தால் உள்விளக்கைப் போடு. கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை. துப்பாக்கியும் உரிமமும் இருப்பதை அமைதியாகச் சொல். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் வாயால் சொல், கையைக் கொண்டுபோகாதே.

இந்த அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை. உயிர் பிழைக்க நினைப்பவன் எதையும் கற்றுக்கொள்வான். அறிவுரைப்படி நடந்தவன் செத்த பிறகும், "எங்கேயோ தப்புப் பண்ணியிருப்பான்" என்று பிணத்திடம் விளக்கம் கேட்கிற புத்தி இருக்கிறதே, அதோடுதான் சண்டை.

ஃபிலாண்டோ காஸ்டில், 32 வயது கறுப்பினத்தவர். மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளியின் உணவுக்கூட மேற்பார்வையாளர். 2016 ஜூலை 6 இரவு, பக்கத்திலுள்ள ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில் அவருடைய காரை ஜெரோனிமோ யானேஸ் என்ற போலீஸ்காரர் மறித்தார். பக்கத்து இருக்கையில் துணைவி டைமண்ட் ரெனால்ட்ஸ். பின்னால் அவருடைய நான்கு வயது மகள். பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லி, லைசென்சும் இன்சூரன்சும் கேட்டார் யானேஸ். இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்த காஸ்டில், "சார்" என்று மரியாதையாக அழைத்து, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். எடுக்காதே என்றார் யானேஸ். எடுக்கவில்லை என்றார் காஸ்டில். அவர் எடுக்கவில்லை என்று ரெனால்ட்ஸும் சொன்னார். உடனே ஏழு குண்டுகள். துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னதற்கும் முதல் குண்டுக்கும் நடுவில் பத்து நொடிகூட இல்லை. நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்த காருக்குள் சுட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மினசோட்டா சட்டப்படி, போலீஸ் கேட்டால்தான் உரிம அட்டையைக் காட்ட வேண்டும். கேட்காமலே சொல்லும் கடமை கிடையாது. காஸ்டில் கேட்காமலே சொன்னார். அதாவது, சட்டம் கேட்டதைவிட ஒரு படி கூடுதலாகவே பணிந்தார். அந்தப் பணிவுதான் அவரைக் கொன்றது. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வீட்டுக்குப் போயிருப்பார். சொல்லாமல் இருந்து, பிறகு துப்பாக்கி தெரிந்து சுட்டிருந்தால், "ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்று கேட்டிருப்பார்கள்.

பின்விளக்கு ஒரு சாக்கு. காரை மறிப்பதற்கு முன் யானேஸ் வயர்லெஸ்ஸில் பேசியது பதிவாகியிருக்கிறது. ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுகிறவர் மாதிரி இந்த ஓட்டுநர் இருக்கிறாராம். எதை வைத்து? அகலமான மூக்கை வைத்து.

மூக்கு என்றதும் நமக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வர வேண்டும். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியர்களின் மூக்கை அளந்து, அகலம் கூடக்கூடச் சாதிப்படிநிலையில் கீழே என்று எழுதிவைத்தார். 1901 கணக்கெடுப்பை நடத்தியவரும் அவரே. தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமல்ல என்று நிறுவ, 1948-ல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் அதே மூக்களவுப் புள்ளிவிவரங்களைக் கையில் எடுத்து அந்தக் கதையை உடைத்தார். நூறு வருடம் கழித்து, ரோந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கண்ணாலேயே மூக்கை அளக்கிறார். யானேஸ் வெள்ளையர் அல்ல, லத்தீனோ. "அப்படியானால் இது எப்படி நிறவெறி?" என்று கேட்பவர்களுக்குப் படிநிலைச் சமத்துவமின்மை என்றால் என்னவென்று அம்பேத்கர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நடுப்படியில் நிற்பவனுக்கும் கீழே மிதிக்க ஓர் ஆள் கிடைப்பதால்தான் ஏணி விழாமல் நிற்கிறது.

வழக்கு நடந்தது. யானேஸ் சொன்னது இதுதான்: உயிருக்குப் பயந்தேன். விசாரணை அதிகாரிகளிடம் இன்னொன்றும் சொன்னார். காரில் கஞ்சா வாடை வந்ததாம். குழந்தையை வைத்துக்கொண்டே புகைக்கிறவன் என் உயிரை மதிப்பானா என்று தோன்றியதாம். 2017 ஜூன் 16 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை. ரோந்து வண்டிக் கேமராவின் காட்சி அதற்குப் பிறகுதான் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

இந்தத் தீர்ப்பை ஒரு ஜூரியின் தனிப்பட்ட வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 1989-ல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைத் தந்தது: அந்த இடத்தில், அந்த நொடியில், நியாயமான ஒரு போலீஸ் அதிகாரிக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்றே பார்க்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதைக் கவனியுங்கள். ஏழு குண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் பயத்துக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. போலீசுக்குப் பயப்பட உரிமை உண்டு. அந்தப் பயத்தைத் தணிக்கும் கடமை கறுப்பனுக்கு உண்டு. கடமையில் தவறினான் என்று முடிவு செய்வதும் பயந்தவரே.

சரி, துப்பாக்கி உரிமைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற தேசிய ரைஃபிள் சங்கம் என்ன செய்தது? இரண்டு நாள் கழித்து, செய்திகள் கவலை தருகின்றன, விசாரிக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை. அதில் காஸ்டிலின் பெயர்கூட இல்லை. அரசு அனுமதித்த ஆயுதத்தோடு அரசின் கையால் ஒருவர் செத்திருக்கிறார். அவர்களுடைய சித்தாந்தப்படி இதைவிடப் பெரிய வழக்கு கிடைக்காது. ஆனால் வாய் திறக்கவில்லை.

திறக்காததில் வியப்பில்லை. 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்களைக் குடிமக்களாக ஏற்றால் போகுமிடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் வந்துவிடுமே என்று அஞ்சி எழுதினார். அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்றவர்கள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டது. 1956-ல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் உரிமம் கேட்டார், மறுத்தார்கள். 1967-ல் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு போலீசைக் கண்காணித்தபோது, குண்டு நிரப்பிய ஆயுதத்தைப் பொது இடத்தில் ஏந்தக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆதரித்தது அதே ரைஃபிள் சங்கம்.

நம் பக்கத்துத் தோழர்கள் சிலர், "துப்பாக்கியையே ஒழித்தால் தீர்ந்தது" என்கிறார்கள். துப்பாக்கிக் கலாச்சாரத்தின் மேல் எனக்கும் மதிப்பு கிடையாது. ஆனால் காஸ்டில் மறிக்கப்பட்டது துப்பாக்கிக்காக அல்ல. அந்த இரவுக்கு முந்தைய 13-14 ஆண்டுகளில் அவர் வண்டியைக் குறைந்தது 46 முறை மறித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொது வானொலி ஆவணங்களைப் புரட்டிப் பார்த்ததில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடிய தப்பு அவற்றில் ஆறே ஆறுதான். மற்றதெல்லாம் மறித்த பிறகு கண்டுபிடித்தது. உண்மையான நோக்கம் எதுவானாலும், போக்குவரத்து விதிமீறல் ஒன்று இருந்தால் மறிக்கலாம் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

டல்லஸில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் இதைப் பேசினேன். "தம்பி, போலீஸ் சொன்னா கேட்டுட்டுப் போயிரணும்டா, அவ்ளோதான்" என்றார். அண்ணனையும் இரண்டு முறை மறித்திருக்கிறார்கள், எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். தனக்குக் கிடைத்த சலுகையைத் தன் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்கிறார். ஊரில் இதையே வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறோம்: அந்தப் பையன் அந்தத் தெருவில் ஏன் வண்டியை முறுக்கிக்கொண்டு போக வேண்டும்? தோளிலிருந்து துண்டை எடுத்திருந்தால் அடி விழுந்திருக்குமா?

காகித உரிமை நம்மிடமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3, பதற்றமான பகுதிகளில் மற்றவர்களின் ஆயுத உரிமங்களை மாநில அரசு ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்கிறது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியும்? உரிமம் கிடைத்தாலும், சோதனைச்சாவடியில் சேரிப் பையன் ஒருவன் "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிற்கும் பத்து நொடியை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஓட்டுநருக்கு இன்னும் நல்ல அறிவுரை எழுதுவதில் எனக்கு அக்கறை இல்லை. மறிப்பவனின் கையைக் கட்ட வேண்டும். அது நடக்காத காரியமும் அல்ல. பிலடெல்ஃபியா நகரம் 2021-ல் சட்டம் போட்டு, ஒற்றை விளக்கு எரியவில்லை என்பது போன்ற சில்லறைக் காரணங்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்றது. யானேஸ் மேல் வழக்குத் தொடுத்த ராம்சி கவுண்டியின் அரசு வழக்கறிஞரும் அதே ஆண்டு, பொதுப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத இத்தகைய நிறுத்தங்களிலிருந்து கிளம்பும் வழக்குகளைப் பொதுவாக நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார். இப்படி ஓர் ஏற்பாடு 2016-ல் இருந்திருந்தால், பின்விளக்கு என்ற சாக்கு யானேசுக்குக் கிடைத்திருக்காது.