பிள்ளையின் துக்கமும் பெரியோரின் தீர்ப்பும்

"தாய் செத்துப் பதினாறு நாள் ஆகவில்லை; பிள்ளை கைத்தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான்" என்று தூற்றாத பெரியோர் நம்மவரில் எத்தனை பேர்? தோழர்களே, அப்பிள்ளை அக்கருவியில் என்ன செய்கின்றான் என்று எப்போதேனும் கேட்டதுண்டா?

கேட்டிருந்தால் அறிவீர்கள். தாய் முன்பு அனுப்பிய குரற்செய்தியை நள்ளிரவில் காதோடு வைத்துக் கேட்கின்றான். பதில் வாராதென்று தெரிந்தே, அவள் எண்ணுக்கு "அம்மா, பரீட்சை முடிந்தது" என்று எழுதுகின்றான். தன்னைப்போல் தாயை இழந்த, முகமறியாத வேறொரு சிறுவனோடு பேசுகின்றான். இதில் விளையாட்டு எங்கே?

வீட்டில் அவனுக்குப் பேச இடமிருந்ததா? கொள்ளி வைக்கச் சொன்னோம். உடனே "ஆண்பிள்ளை அழலாகாது" என்று வாயையும் அடைத்தோம். அவன் தங்கையிடம் "அம்மா சாமியிடம் போயிருக்கிறாள்" என்றோம். எப்போது திரும்புவாள் என்று அவள் கேட்டதும் வேறு பேச்சுப் பேசினோம். புரோகிதரின் பட்டியலுக்குக் குறைவின்றிக் கொடுத்தோம். கருமாதிப் பந்திக்கு எத்தனை இலை என்று எண்ணினோம். இறப்புப் பத்திரத்திற்கும் சொக்சோ பணத்திற்கும் தோட்டத்து ஆபீசுக்கு நாலு முறை நடந்தோம். அவ்விரு பிள்ளைகளின் பக்கத்தில் கால்நாழிகை உட்காரத்தான் நமக்கு நேரமில்லை!

நிற்க. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், சுடுகாட்டுக்குப் போக வழியின்றி, உற்றாரின் இறுதிச் சடங்கை இதே கருவியில் பார்த்து அழுதவர்கள் நம்மில் இல்லையா? பெரியோர் கண்ணீருக்கு இணையம் ஆகும், பிள்ளையின் கண்ணீருக்கு ஆகாதென்பது எந்த ஊர் நியாயம்?

அங்கே வஞ்சகர் இல்லையோ எனில், உளர். தனித்து அழும் பிள்ளையைத் தேடி வருவோரில் கயவரும் உண்டு. அதற்குப் பரிகாரம் கருவியைப் பிடுங்குவதன்று. தக்க இடத்தைக் காட்டுவதே. சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தார் 1984-இல் தொடங்கிய டிங்கிள் பிரெண்ட், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு தொலைபேசியிலும் இணையத்திலும் உரையாடி வருகின்றது. மலேசியாவில் 15999 என்னும் அரசாங்க உதவி எண் இருக்கின்றது. நம் லயத்துச் சுவர்களில் சினிமாப் படத்துக்கு இடமுண்டு; இவ்வெண்ணை எழுத இடமில்லை.

இன்னொரு கொடுமையை அறியாமல் செய்கின்றோம். செத்தவளின் எண்ணுக்கு இனி எதற்குக் காசு என்று டாப்-அப் போடாது விடுகின்றோம். சில காலம் சென்று கம்பெனியார் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதுண்டு. பொதுவாக 120 நாள் பயன்படாத கணக்கை வாட்ஸ்அப்பும் நீக்கிவிடுகின்றது. பிறகொரு நாள், "அம்மா" என்ற பெயருக்கு நேரே யாரோ ஓர் அந்நியரின் முகம்! அந்தோ, அப்பிள்ளைக்கு அஃது இரண்டாம் சாவன்றோ?

குரற்செய்திகளையும் படங்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். முகநூலில் இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக்கும் ஏற்பாடு 2009 முதல் உண்டு, குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். அவள் தொலைபேசியை அணைத்துப் பெட்டியில் போடாதீர்கள். கருமாதிப் பந்தியில் பத்து இலையைக் குறைத்து, ஆண்டுத் திவசம் வரையிலாவது டாப்-அப் போட்டு வாருங்கள். அதன்பின் நிறுத்துவதாயின், பிள்ளையைக் கேட்டு நிறுத்துங்கள்.