480 நாள்

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது 'பெர்மனென்ட்'. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, முதல் தேதியிலிருந்து நடைபாதையிலேயே கிடந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் குண்டுக்கட்டாக அப்புறப்படுத்தியது.

பெர்மனென்ட் என்றால் அவர்களுக்குச் சம்பளம், பி.எஃப்., பிரசவ விடுப்பு, பிள்ளை படிப்புக்கு வங்கிக் கடன். கூடவே, சூப்பர்வைசரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் நாளைக்கு வேலை இருக்கும் என்ற தைரியம். இந்தத் தைரியத்தைத்தான் நிர்வாகங்கள் கொடுக்க மறுக்கின்றன என்று நாங்கள் நினைக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981இல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. கணக்கு இவ்வளவு தெளிவாக இருப்பதால், நாள் நெருங்கும்போது 'பிரேக்' விடுகிறார்கள். கான்ட்ராக்டர் பெயர் மாறுகிறது, கழுத்தில் புது அடையாள அட்டை தொங்குகிறது. அதே மெஷின், அதே ஷிப்ட், அதே ஆள்; பதிவேட்டில் மட்டும் அவர் இன்று சேர்ந்தவர். தன் தவறில்லாமல் வேலை நின்றுபோன நாள்கள் தொடர்ச்சியை முறிக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய வருகைப் பதிவேடு முதலாளியின் அலமாரியில் இருக்கிறது.

அரசு வேலை என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பை நீட்டுகிறார்கள். முறைப்படி தேர்வு நடக்காமல் சேர்ந்தவர் நிரந்தரம் கேட்க முடியாது என்ற பகுதியைப் படிப்பவர்கள், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டு உழைத்தவர்களை ஒருமுறை வரன்முறைப்படுத்தச் சொன்ன பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் கூட்டிப் பெருக்கியும் தோட்டம் பார்த்தும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டவர்களின் வழக்கு அது. அவர்களைத் திரும்பச் சேர்த்து வரன்முறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது.

குப்பை தினமும் சேர்கிறது. மாநகராட்சி இருக்கும்வரை அந்த வேலை இருக்கும். அதைச் செய்கிறவரை மட்டும் தற்காலிகம் என்று எழுதுவது பொய்க் கணக்கு. முதல் காரியமாக, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரது வருகைப் பதிவின் நகல் மாதாமாதம், முத்திரையோடு, கையில் கொடுக்கப்பட வேண்டும். மாநகராட்சியே இதைத் தொடங்கி வைக்கட்டும்.