சூப்பர்கண்டக்டர்: எலக்ட்ரான் ‘ஜோடிக் கதை’ மட்டும் போதுமா?

2023-ல் பரபரப்பான எல்.கே-99 ஞாபகம் இருக்கா? சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத பொருள் என்று தென்கொரியாவிலிருந்து செய்தி வர, காந்தத்தின் மேல் அரைகுறையாக மிதக்கும் துண்டின் வீடியோவை ஆளாளுக்கு ஷேர் செய்தார்கள். சில வாரங்களில் குட்டு உடைந்தது. மின்தடை திடீரெனச் சரிந்ததற்குக் காரணம், அதில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு.

ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. ‘இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து இடிபடாமல் ஓடும், அதனால் தடை இல்லை’ என்பதுதான் நமக்குச் சொல்லித்தரப்படும் கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், ரங்கநாதன் தெருவில் கைகோத்து நடந்தால் மட்டும் இடிபடாமல் போய்விட முடியுமா என்ன?

விஷயம் ஜோடியில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. ஒரு ஜோடி பரவியிருக்கும் இடத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான மற்ற ஜோடிகளும் இருக்கும். யாருக்கு யார் ஜோடி என்று கேட்பதற்கே அர்த்தமில்லை.

சாதாரண குவாண்டம் கணக்கு ‘மொத்தம் எத்தனை துகள்?’ என்று கேட்டுத்தான் தொடங்கும். குவாண்டம் புலக் கோட்பாடு, துகள்கள் தோன்றுவதையும் மறைவதையுமே அடிப்படையாக வைக்கிறது. எலக்ட்ரான்களை இணைத்துவைக்கும் ஃபோனான்கள், அதாவது படிக அதிர்வின் துணுக்குகள், அப்படித் தோன்றி மறைபவைதான். பழைய முறையிலும் எழுதலாம், பிடிவாதம் இருந்தால்.

1911-ல் பாதரசத்தில் கமர்லிங் ஓன்னஸ் இதைக் கண்டுபிடித்தார். விளக்கம் கிடைக்க 46 வருஷம் ஆனது. ஃபெய்ன்மனே முயன்று தோற்ற கணக்கு இது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் போட்ட தீர்வில், எலக்ட்ரான்களின் எண்ணிக்கை நிலையாக இல்லை. ஷ்ரீஃபரின் உரையைக் கேட்ட யோய்சிரோ நம்புவுக்கு இது உறுத்தியது: அப்படியானால் மின்னூட்டம் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற விதி என்ன ஆகும்? அதைச் சரிசெய்ய அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த யோசனையைத் துகள் இயற்பியலுக்கும் கொண்டுபோனதற்குத்தான் 2008-ல் நோபல்.

மீக்கடத்திக்குள் ஒளித்துகள் நிறை உள்ளதுபோல நடந்துகொள்ளும். அதனால்தான் காந்தப்புலம் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. இதே கணக்குதான் 1964-ல் ஹிக்ஸ் கோட்பாடாகி, 2012-ல் செர்னில் உறுதியானது. ஜோடிக் கதையில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

அடுத்த வைரல் வீடியோ வரும்போது, ‘மின்தடை குறைந்ததா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘காந்தப்புலத்தை வெளியே தள்ளியதா?’ என்றும் கேளுங்கள். புலக் கோட்பாடும் சர்வரோக நிவாரணி இல்லை. 1986-ல் வந்த தாமிர ஆக்ஸைடு மீக்கடத்திகளுக்கு, எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.