பந்தாடும் காலுக்கு எந்த ஷூ?

குருசுக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் தங்கை மகள். “பெரியம்மா, எனக்கு ஜோர்டான் ஷூதான் வேணும், அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க” என்று என்னிடம் தூது வந்தாள். விலையைக் கேட்ட தங்கை, “அப்படின்னா விளையாட்டே வேணாம்” என்றுவிட்டாள். ஒரு ஜோடி ஷூவுக்காக ஒரு பெண்ணின் விளையாட்டு நின்றுபோகலாமா, நீங்களே சொல்லுங்கள்.

கூடைப்பந்துக்கென்று பேர் வாங்கிய பழைய ஷூ, 1917-ல் அமெரிக்காவில் வந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டார். கித்தான் துணி, ரப்பர் அடி, கணுக்காலை மூடும் உயரம், அவ்வளவுதான். சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் ஊர் ஊராகப் போய் அதை விற்றார். 1930-களில் அவர் பெயரே ஷூவில் ஏறிவிட்டது. நம் நாட்டில் 1936-ல் பாட்டா கம்பெனி, பள்ளிப் பிள்ளைகளின் டிரில் வகுப்புக்காக கேன்வாஸ் ஷூ கொண்டுவந்தது. அந்த மாதிரி வெள்ளை ஷூவைக் கழுவிக் காயவைத்து, கறை தெரியாமல் சாக்பீஸ் தேய்த்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்குமே!

1969-ல் அடிடாஸ் தோலில் செய்தது. 1986-ல் ரன் டி.எம்.சி. என்ற பாட்டுக்குழு அந்தக் கம்பெனி ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாட, பந்தையே தொடாதவர்களும் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் மைக்கேல் ஜோர்டான் பெயரில் நைக்கி ஷூ கடைக்கு வந்தது. கறுப்பு சிவப்பு நிறம் விதிக்கு ஒவ்வாது என்று போட்டிச் சங்கம் சொல்லப்போக, அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். வேண்டாம் என்றால்தானே பிள்ளைகளுக்கு வேணும்!

அந்த நைக்கி ஷூக்கள் நமக்குப் பக்கத்துச் செய்யாறு சிப்காட்டிலும் தயாராகின்றன. செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள்தான்.

சரி, காலுக்கு என்ன வேண்டும்? ஓடுவதற்கான ஷூவை இந்த ஆட்டத்துக்குப் போடக்கூடாது. அதன் குதிகால் உயரம். பக்கவாட்டில் சட்டென்று திரும்பும்போது கால் மடங்கும். அடிப்பாகம் தட்டையாக, அகலமாக, வரிவரியாக இருக்கட்டும். கையில் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. சாயந்திரம், கால் சற்றே உப்பியிருக்கும் நேரத்தில், சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும். “வளர்ற காலு” என்று இரண்டு சைஸ் பெரிசாக வாங்கினால், உள்ளே கால் வழுக்கிக் கொப்புளம்தான் மிச்சம்.

உயரக் கழுத்து ஷூ சுளுக்கைத் தடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சியில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். ஒற்றைக் காலில் நின்று பழகும் பயிற்சிதான் சுளுக்கைக் குறைக்கிறது. என் தங்கை மகள் இப்போது பல் தேய்க்கும்போது கொக்கு மாதிரி நிற்கிறாள்! பெயரில்லாத தட்டை அடி ஷூ ஒன்று, கேட்டதில் நாலில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு ஆடப் போய்விட்டாள்.

நம் கடற்கரைக் காற்றில் ஷூ லேசில் காயாது. வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ராத்திரி ஃபேன் அடியில் வைத்துவிடுங்கள்.