நேரில் வந்தால்தான் வைத்தியமா?

தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையோடு இருப்பவருக்கு மனநல சிகிச்சையைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ தரலாம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே முகம் மாறும். “கால் ரெண்டும் விளங்காமப் போய்க் கிடக்கிறவனை மெஷினோட பேசச் சொல்றீங்களா? பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்ல ஒரு மனுஷன் வேணாமா?” என்பார்கள். உறவினர் சொல்வதும் இதுதான், பல மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். அன்பில் பிறந்த பேச்சு என்பதால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. ஆனால் இந்தப் பேச்சால் என்ன நடக்கிறது? கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும் அந்த மனுஷன் வருவதில்லை. வராதவருக்காகக் காத்திருக்கச் சொல்லி, வரக்கூடிய உதவியையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு, கொடுமையும்கூட என்று நான் நினைக்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாட்பாட்டைப் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பல பத்தாண்டுகளாக நேரில் தரப்பட்டுவரும் சி.பி.டி. என்ற சிகிச்சை இருக்கிறது. நம் எண்ணங்களும் பழக்கங்களும் எப்படிச் சோர்வை வளர்க்கின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பழகும் முறை அது. அதையே பாடங்களாகப் பிரித்து, வாரம் ஒன்றாகத் திரையில் தருகிறார்கள். படிக்கலாம், காதாலும் கேட்கலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அந்த வாரம் செய்து பார்க்க ஒரு வேலை இருக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை போனிலோ மின்னஞ்சலிலோ பத்து, பதினைந்து நிமிடம் விசாரிப்பார். ஆக, இதில் மனிதர் இல்லை என்று சொல்வதே பொய்.

ஒரு பாடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வீல்சேரில் இருக்கும் ஒருவர் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘யூரின் பேக் நாறும், எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள்’ என்ற எண்ணம். பாடம் கேட்கிறது: போக வேண்டாம் என்று முடிவெடுத்தபோது மனதில் என்ன ஓடியது? எழுதுங்கள். கடைசியாக வெளியே போன அன்று உண்மையில் என்ன நடந்தது? அதையும் எழுதுங்கள். அவர் யோசித்து எழுதுகிறார்: போன மாதம் டீக்கடைக்குப் போனேன், யாரும் மூக்கைப் பொத்தவில்லை, வழக்கம்போல டீயா காபியா என்றுதான் கேட்டார்கள். அடுத்து, பையைக் காலி செய்துவிட்டுத் தெருமுனை வரை போய்வர இந்த வாரம் எந்த நாள் தோதுப்படும் என்று பாடம் கேட்கிறது. எதிரே ஒரு நிபுணர் உட்கார்ந்திருந்தாலும் இவற்றைத்தான் கேட்பார். குணமாக்குவது அந்தக் கேள்வியும், அதற்கு அவர் தானாகத் தேடி எடுத்த பதிலும், பிறகு தெருமுனை வரை போய்வந்த அந்த அரை மணி நேரமும்.

சரி, நேரில் போவது என்றால் என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் தண்டுவடக் காயத்துக்குச் சாலை விபத்தைப் போலவே உயரத்திலிருந்து விழுவதும் பெரிய காரணம். மரம், மொட்டைமாடி, கிணறு, கட்டடச் சாரம். சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை எண்ணிக்கொள்ளுங்கள். கிராமத்தில் வீடு. மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகப் பஸ் உதவாது, வேன் பேச வேண்டும். தூக்கி வைக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தாக வேண்டும், அதற்கு மறைவான, சுத்தமான இடம் வேண்டும். வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் உணர்வில்லாத இடத்தில் புண் தொடங்கிவிடும், ஆற மாதக்கணக்கில் ஆகும். ஒருமுறை என்றால் இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். சி.பி.டி. ஒருமுறையில் முடிகிற காரியம் இல்லை, எட்டுப் பத்து வாரமாவது போக வேண்டும். அத்தனை பாடுபட்டுப் போனாலும் அங்கே யார் இருக்கிறார்? இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று கண்டது. கால் நன்றாக இருப்பவர்களையும் சேர்த்த கணக்கு அது.

தூரமும் செலவும் ஒருபக்கம் இருக்கட்டும். நாளைக்கே தெருவுக்கு ஒரு உளவியலாளர் வந்துவிட்டாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை.

தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையோடு இருப்பவருக்குப் பகலில் தனியாக இருக்கும் நேரம் என்று அநேகமாகக் கிடையாது. மலம் கழிக்க, குளிக்க, புரண்டு படுக்க மனைவியோ அம்மாவோ அண்ணனோ வேண்டும். கவுன்சலிங்குக்கு அழைத்துப்போவது அவர்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவது அவர்கள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் பதிலாகப் பதில் சொல்வதும் அவர்களே. கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும் பழக்கம் நம் ஓ.பி. அறைகளில் அரிது. ‘செத்துவிடலாம் போலிருக்கிறது’ என்பதை, அன்று காலை தன்னைக் கழுவிவிட்ட மனைவியின் காதுபட அவர் சொல்வாரா? தாம்பத்தியம் இனி முடியுமா என்ற கேள்வியை அம்மாவை வைத்துக்கொண்டு கேட்பாரா? “பரவாயில்ல டாக்டர், நல்லாதான் இருக்கேன்” என்பார். மனைவிக்கும் அது ஆறுதலாக இருக்கும். இரண்டு பேரும் எதையும் பேசாமலேயே வீடு திரும்புவார்கள். காதில் ஒரு இயர்போன், பாஸ்வேர்டு போட்ட ஒரு போன், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் என்று இருந்தால், மனைவியிடம் சொல்ல முடியாததை அவர் எழுதிவிட முடியும்.

இப்படி யாரும் பார்க்காமல் பேசும் விருப்பம் புதிதல்ல. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவரைப் போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவருடைய பெண் செயலாளர் அதோடு தட்டச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, சற்று நேரத்தில் வைசன்பாமையே அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். கம்ப்யூட்டரிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார். இயந்திரத்திடம் மனிதர் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார் என்பதற்கு இந்தச் சம்பவத்தை இன்றும் சாட்சியாகக் காட்டுகிறார்கள். எலைசாவைச் சிகிச்சை என்று நானும் ஏற்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொஞ்ச நேரம் யாரும் பார்க்காமல் பேச வேண்டும். படுக்கையோடு இருப்பவருக்கு நாம் மறுப்பதும் அதைத்தான்.

அப்படியே யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாலும், அவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘எல்லாம் விதி’ என்கிறார்கள். ‘இன்ன ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், மூன்றே மாதத்தில் நடக்க வைத்துவிடுவார்’ என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வேலூர் மேரி வர்கீஸை உதாரணம் காட்டுகிறார்கள். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்குப் பின்னால் இருந்ததும் அவரே. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வாழ்க்கை. ஆனால் காலையில் எழவே மனம் வராத ஒருவரிடம் ‘அவர் சாதித்தாரே, உனக்கென்ன’ என்று சொன்னால், ஏற்கெனவே இருக்கும் துயரத்தின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைக்கிறோம். அன்போடு சொல்வதெல்லாம் சிகிச்சை ஆகிவிடாது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது இரக்கம். அவருக்கு வந்திருப்பது எவ்வளவு பெரிய துயரம், அதற்குப் போய்த் திரையில் பாடமா என்ற இரக்கம். வெளியே நிற்பவர்களின் இந்த மதிப்பீடு எவ்வளவு தவறாக இருக்கும் என்பதற்கு 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சான்று. கடுமையான தண்டுவடக் காயம் உங்களுக்கே வந்தால் உயிரோடு இருப்பதில் மகிழ்வீர்களா என்று அவசர சிகிச்சைப் பிரிவினரிடம் கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 சதவீதம். அப்படிப்பட்ட காயத்தோடு வாழ்பவர்களிடம் கேட்டபோது ஆம் என்றவர்கள் 92 சதவீதம். தினமும் அத்தகைய நோயாளிகளைத் தூக்கி வைத்துச் சிகிச்சை தருபவர்களுக்கே இப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

தண்டுவடக் காயம்பட்டவர்களில் மனச்சோர்வு நோய் இருப்பவர்கள் ஏறக்குறைய 22 சதவீதம் என்கிறது, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-ல் போட்ட ஒரு கணக்கு. 20 முதல் 30 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர். எல்லோரும் அல்ல. ‘இந்த நிலைமையில் யாருக்குத்தான் துக்கம் இருக்காது’ என்று நாம் எல்லோரையும் ஒரே பாயில் கிடத்திவிடுவதால், உண்மையிலேயே நோயில் இருக்கும் அந்த ஒருவர் கண்ணில் படுவதில்லை. அவருடைய சோர்வு குணப்படுத்தக் கூடியது என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. தண்டுவடக் காயம்பட்டவர்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இரக்கத்தின் விலை புரியும்.

ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயம். இணையவழி சி.பி.டி.யையும் நேரில் தரும் சி.பி.டி.யையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வுகளை 2014-லும் 2018-லும் தொகுத்தார்கள். வாரா வாரம் விசாரிக்க ஒருவர் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்பதே முடிவு. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நடமாடக் கூடியவர்கள். தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் நடத்தி 2016-ல் வெளியிட்ட இணையவழி சோதனையில் மனச்சோர்வு குறைந்தது. கனடாவின் ரெஜினா பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு பாடத்திட்டத்தை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இவை சிறிய ஆய்வுகள். பாதியில் விட்டுப்போகிறவர்கள் உண்டு, விசாரிக்க ஆளில்லாவிட்டால் இன்னும் அதிகம் பேர் விட்டுப்போவார்கள். ஆனால் தண்டுவடக் காயம்பட்டவர்களிடம் நேரில் நடத்திப் பார்த்த சி.பி.டி. ஆய்வுகளும் விரல்விட்டு எண்ணக் கூடியவையே. திரைக்கு மட்டும் ஆதாரம் கேட்பவர்கள் நிபுணரின் நாற்காலிக்கும் கேட்க வேண்டும்.

கண்டிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இன்று கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் நடப்பவர்களுக்காக எழுதியவை. உடலைத் தளர்த்தும் பயிற்சி பல பாடங்களில் கால் விரல்களில் தொடங்கும்: விரல்களை இறுக்குங்கள், இப்போது விடுங்கள், தளர்வை உணருங்கள். இடுப்புக்குக் கீழே எதையும் உணராதவர் காதில் இது விழுந்தால் அந்த நிமிடமே போனை வைத்துவிடுவார். சோர்வாக இருந்தால் காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்று அடுத்த பாடம் சொல்லும். கழுத்தில் அடிபட்டவருக்கு விரல்கள் மடங்காது. குரலால் பதில் சொல்லும் வசதியோ, கையில் பட்டை கட்டிச் செருகிய குச்சியால் அழுத்தும்படி பெரிய பொத்தான்களோ வேண்டும். இவற்றைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ டியூப் மடங்கினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், வேர்த்துக் கொட்டும், பயம் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்குப் பதற்ற நோய் போலவே இருக்கும். பொதுவான பாடம் ‘ஆழமாக மூச்சு விடுங்கள், இது கடந்துபோகும்’ என்று சொல்லும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இவர்களுக்கென்று எழுதிய பாடம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்: நிமிர்ந்து உட்காருங்கள், டியூப்பைப் பாருங்கள், அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது எழுதியவரின் குறை, கம்ப்யூட்டரின் குறை அல்ல. தண்டுவடக் காயம் பற்றித் தெரியாத உளவியலாளர் நேரில் உட்கார்ந்தாலும் இதே தவறைத்தான் செய்வார். பாடத்தையாவது ஒருமுறை திருத்திவிட்டால் அத்தனை பேருக்கும் திருத்தியதாக ஆகிவிடும்.

திரை மட்டும் போதாத இடங்களை மறைக்கப் போவதில்லை. தற்கொலை எண்ணம் முற்றியவரை, குடியில் விழுந்தவரை, சாப்பாட்டையே நிறுத்திவிட்டவரைப் பாடத்தோடு விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு ஆள் நேரில் போக வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண் இருக்க வேண்டும், தமிழிலேயே பேசலாம். எல்லோருக்கும் நேரில் சிகிச்சை என்று பிடிவாதமாக நிற்கும்போது, இப்படிக் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டியவர்களுக்கான நேரத்தைத்தான் வீணாக்குகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவையானவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே போகிறார்கள். முதல் பாடத்தைப் போனில் திறந்து கொடுக்கவும், சோர்வின் அளவைக் கேட்டுக் குறிக்கவும், வாரம் பத்து நிமிடம் விசாரிக்கவும் அவர்களில் சிலருக்குப் பயிற்சி தரலாம். பாடங்களை எழுத உளவியலாளர் மட்டும் போதாது. பல வருடம் வீல்சேரில் வாழ்ந்தவர்கள் கூடவே இருந்து ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்த வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி மாற்றுத்திறனாளிகளுக்காகவே ஒரு பெரிய நிறுவனமாக வளர்த்திருக்கிறார். வேலூரில் பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துத் தமிழில் முதல் பாடத்தை எழுத வைக்க வேண்டியது மக்கள் நல்வாழ்வுத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும். அதற்குப் புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்ட வேண்டியதில்லை.