காலி இடத்தின் விலை

பி.காம். படித்தபோது 'குட்வில்' என்கிற சமாசாரம் மண்டையில் ஏறவே இல்லை. தொட முடியாது, பார்க்க முடியாது; ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். "இல்லாத பொருளுக்கு எப்படி சார் விலை?" என்று கேட்டேன். "மார்க் வேணும்னா இருக்குன்னு எழுது" என்றார் புரொபசர்.

2021-ல் சால்வத்தோரே கராவ் என்ற இத்தாலியக் கலைஞரின் 'நான் இருக்கிறேன்' என்ற சிற்பம் ஏலத்தில் 15,000 யூரோவுக்குப் போனது. சிற்பம் என்று எதுவும் கிடையாது. வெறும் காற்று. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு சர்டிபிகேட்டும், வீட்டில் ஐந்தடிக்கு ஐந்தடி இடத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்ற குறிப்பும்தான். இந்தக் கணக்கில் 28-ம் தேதி என் பர்ஸ் ஒரு மியூசியம்!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ரேச்சல் வைட்ரீட் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

சின்ன வயசில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்த இருட்டு ஞாபகம் வந்து, 1988-ல் ஓர் அலமாரியின் உள்ளிடத்தை அப்படியே வார்த்தெடுத்த பிரிட்டிஷ் சிற்பி இவர். 1993-ல் முழு வீட்டிலேயே கை வைத்தார். கிழக்கு லண்டன் குரோவ் ரோடில், இடிபடக் காத்திருந்த பழைய வீடு. உள்ளே கான்கிரீட்டைப் பீய்ச்சி, இறுகியதும் வெளிச்சுவரை உரித்துவிட்டார். அச்சை உருவினால் குல்ஃபி நிற்குமே, அதே கதைதான். யார் யாரோ சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்கின இடம் மொத்தமும் கல்லாக நின்றது.

நவம்பரில் அவருக்கு டர்னர் பரிசு, 20,000 பவுண்டு. அதே நாளில் இன்னொரு கோஷ்டி 'வருடத்தின் மோசமான கலைஞர்' என்று சொல்லி 40,000 கொடுத்தது. திட்டுக்கு டபுள் ரேட்! 1994 ஜனவரி 11-ம் தேதி லோக்கல் கவுன்சில் அதை இடித்துத் தள்ளியது.

வீட்டுக்குள்ளே இருக்கிற காற்றுக்கு அப்படி என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருப்பேன்.

அப்பா போனபிறகு, போன வருஷம் வாடகை வீடு மாறினோம். சாமான்களை ஏற்றி முடித்து, பெருக்கிவிட்டு நிமிர்ந்தால், ஹால் சுவரில் ஒரு தேங்காயெண்ணெய்க் கறை. தலை அளவுக்கு, வட்டமாக. பதினொரு வருஷம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டே சாய்ந்த இடம். அவரும் இல்லை, நாற்காலியும் இல்லை. சாய்வு மட்டும் பாக்கி இருந்தது. அம்மா கிட்டே போய் அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் பார்த்தார். "பெயின்ட் அடிக்கணுமே சார்" என்று அட்வான்ஸில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார். எதற்கும் பேரம் பேசுகிற நான், வாயே திறக்கவில்லை.

ராத்திரி கணக்கு நோட்டில் அந்த இரண்டாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

'குட்வில்' என்று எழுதினேன்.